ஓட்டோ கியர் பிந்தி மாறினால், உதறினால், மாறாமலே நின்றால்

“கியர்பொக்ஸ் போயிட்டுது பாஸ், இனி மாத்தத்தான் வேணும்.” மட்டக்களப்புக் கல்லடியில் என் கராஜ் வாசலுக்கு இந்தப் பேச்சோடு வரும் கார்களில் அநேகமானவற்றுக்குக் கியர்பொக்ஸ் போயிருக்காது. ஒயில் குறைந்திருக்கும். வளவில் சும்மா நின்ற காரின் சென்சர் வயரை எலி அறுத்திருக்கும். பின் சீட்டிலிருந்து முன்னுக்கு ஏறிய பிள்ளை, மேல் கியரைத் தடுக்கும் ஓவர்டிரைவ் பொத்தானை அமத்திவிட்டிருக்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி விட்டார்கள். இடைப்பட்ட காலம் முழுக்க இருந்த கார்களையே திருத்தித் திருத்தி ஓட்டினோம். அதில் திரும்பத் திரும்பக் கைக்கு வந்த கோளாறுகளைத்தான் இங்கே அறிகுறிவாரியாக எழுதுகிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவாகாத காரணம் முதலில் வரும், கியர்ப் பெட்டியைக் கழற்ற வேண்டிய காரணம் கடைசியில் வரும். அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

உங்கள் காரில் இருப்பது எந்தப் பெட்டி?

இது தெரியாமல் கீழே வாசித்துப் பயனில்லை. 121 கொரோலா, நிசான் எஃப்பி15, கேடிஎச் வேன் போன்றவற்றில் இருப்பது படிப்படியாக மாறும் பழைய முறை ஓட்டோ பெட்டி. பிந்திய அலியன், பிரீமியோ, அக்சியோ, ஜப்பானில் இருந்து வந்த வகன் ஆர் பலவற்றில் இருப்பது சிவிடி. அதில் கியர் படிகளே இல்லை, இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஒரு இரும்புப் பட்டி ஓடுகிறது. இந்தியாவில் செய்த அல்ட்டோ, செலேரியோ வகைகளில் ‘ஏஜிஎஸ்’ என்று எழுதியிருந்தால் அது சாதாரண மனுவல் பெட்டிதான். கிளச் மிதிக்கும் வேலையை ஒரு சின்ன இயந்திரம் செய்கிறது. ஹொண்டா ஃபிட் ஜிபி5, வெசல் ஹைபிரிட்டில் இரட்டைக் கிளச், ஏழு கியர்.

அக்குவா, பிரியஸ் வைத்திருப்பவர்கள் “கியர் மாறும்போது ஒரு சத்தம் வருது” என்று சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். அந்தக் கார்களில் மாறுவதற்குக் கியரே இல்லை. நீங்கள் கேட்பது எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் சத்தம். அது பெரிதாக உதறினால் எஞ்சினைப் பாருங்கள், பெட்டியை விட்டுவிடுங்கள்.

ஒழுங்கான கார் எப்போது மாறும்?

பெட்டிக்குக் கண் இல்லை. கார் என்ன வேகத்தில் ஓடுகிறது, உங்கள் கால் எவ்வளவு மிதிக்கிறது, எஞ்சின் சூடாகிவிட்டதா என்று மூன்று பேர் சொல்வதைக் கேட்டுத்தான் அது கியரை மாற்றுகிறது. மூவரில் ஒருவர் பொய் சொன்னாலும் நல்ல பெட்டி பழுதான பெட்டியைப் போலத்தான் நடக்கும்.

ஆரையம்பதி தாண்டிக் கிரான்குளம் பக்கம் ரோட்டு நேர், மேடு பள்ளம் இல்லை. வெள்ளன, ரோட்டில் ஆள் குறைவான நேரம் அங்கே கொண்டுபோய்ப் பாருங்கள். நாலு கியர் டொயோட்டா ஒன்றை மெதுவாக மிதித்தால் 15 முதல் 20 கிலோமீற்றர் வேகத்தில் இரண்டாவது, 30 முதல் 40க்குள் மூன்றாவது, 45 முதல் 60க்குள் நான்காவது விழும். அதற்குப் பிறகு 60, 70 அளவில் இன்னொரு கியர் விழுந்ததுபோல் எஞ்சின் சுற்று கொஞ்சம் இறங்கும். அது கியர் இல்லை, எஞ்சினின் சுற்றை ஒயில் மூலம் பெட்டிக்குக் கடத்தும் கொன்வேட்டர் பூட்டிக்கொள்வது, ‘லொக்கப்’ என்போம். காலை ஆழமாக மிதித்தால் இதே கியர்கள் எல்லாம் பிந்தித்தான் மாறும். 50இல் போகும்போது மிதியை முழுதாக அமத்தினால் ஒரு கியர் கீழே இறங்கி இழுக்க வேண்டும். காருக்குக் கார் இந்த எண்கள் கொஞ்சம் மாறும், ஆனால் ஒழுங்கு மாறாது.

அறிகுறி: ‘பி’யிலிருந்து லீவர் அசையவில்லை

பிரேக்கை மிதித்துக்கொண்டு, பின்னால் ஒருவரை நிறுத்தி பிரேக் லைட் எரிகிறதா என்று கேளுங்கள். எரியவில்லை என்றால் பிரேக் லைட் பியூஸ், அடுத்தது மிதிக்கு மேலே உள்ள சின்ன சுவிட்ச். லீவரைப் பூட்டி வைத்திருக்கும் பூட்டு அந்த சுவிட்சின் சொல்லைக் கேட்டுத்தான் திறக்கும். அவசரத்துக்கு, லீவர் பக்கத்தில் சின்ன மூடி ஒன்று இருக்கும். அதைக் கிளப்பி, ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு, சாவி நுனியால் அமத்திக்கொண்டே லீவரை இழுத்தால் வரும்.

லைட் எரிகிறது, லீவர் இறுகி நிற்கிறது என்றால் காரைச் சரிவில் ‘பி’யில் போட்டுவிட்டு ஹேண்ட் பிரேக் இழுக்க மறந்திருப்பீர்கள். முழுப் பாரமும் உள்ளே ஒரு சின்னப் பல்லில் தொங்குகிறது. இரண்டு பேர் காரை மேட்டுப் பக்கம் கொஞ்சம் தள்ளிக்கொடுத்தால் விடும்.

அறிகுறி: ‘டி’ போட்டும் உடனே பிடிக்கவில்லை, பிறகு ‘டக்’ என்று இழுக்கிறது

டொயோட்டாவின் பழைய பெட்டிகளுக்குக் கணக்கு உண்டு: ‘என்’னிலிருந்து ‘டி’க்குப் போட்டால் 1.2 வினாடிக்குள், ‘ஆர்’க்குப் போட்டால் 1.5 வினாடிக்குள் பிடிக்க வேண்டும். வாய்க்குள் “ஒண்டு, ரெண்டு” என்று எண்ணி முடிந்தும் பிடிக்கவில்லை என்றால் பிந்துகிறது.

முதல் சந்தேகம் எப்போதும் ஒயில். பார்க்கும் முறையில்தான் அநேகம் பேர் பிழை விடுகிறார்கள். டிப்ஸ்டிக் உள்ள டொயோட்டாவில் பத்துப் பதினைந்து கிலோமீற்றர் ஓடி, சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா இடத்துக்கும் ஒருமுறை கொண்டுபோய், மறுகா ‘பி’யில் விட்டுத்தான் குச்சியை இழுக்க வேண்டும். அதில் சூட்டுக் குறி ஒன்று, குளிர்க் குறி ஒன்று இருக்கும். சூட்டுக் குறிக்குள் நிற்கட்டும். ஹொண்டாவின் பழைய ஓட்டோவில் நேர்மாறு: சூடாக்கி, எஞ்சினை நிறுத்தி, ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் ஒயிலை ஊற்றி ஊற்றி நிரப்பிய கார்களும் வந்திருக்கின்றன. கூடினாலும் கேடுதான், உள்ளே சுழலும் பகுதி ஒயிலை அடித்து நுரையாக்கிவிடும். நுரைக்கு அழுத்தம் இல்லை.

டிப்ஸ்டிக் இல்லாத கார்களில் நீங்கள் கை வைக்க வேண்டாம். அங்கே ஒயிலின் சூட்டை, காரின் கம்பியூட்டரை வாசிக்கும் ஸ்கேனரில் பார்த்து, குறிப்பிட்ட சூட்டில் அடிப்பக்கத் திருகைத் திறந்து வழிய விட்டு அளக்கிறோம்.

குச்சியில் வந்த ஒயிலை வெள்ளைத் துணியில் துடையுங்கள். தெளிந்த சிவப்பு நிறம் என்றால் நல்லது. தேயிலைச் சாய நிறம் என்றால் மாற்ற நேரம். கருத்து, தீய்ந்த வாசம் அடித்தால் உள்ளே கிளச் பிளேட் எரிந்திருக்கிறது. பால் ஊற்றிய நிறம் என்றால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். அதற்குக் கீழே தனித் தலைப்பு இருக்கிறது.

ஒயில் குறைந்திருந்தால் ஊற்றுவது மட்டும் போதாது, எங்கே போனது என்று தேட வேண்டும். எங்கள் ஊர் உப்புக் காற்றில் ரேடியேட்டருக்குப் போகும் இரும்புக் குழாய்களும் அடிச்சட்டியும் துருவேறிக் கசியும். கீழே ஒரு காட்போட் அட்டையை இரவில் விரித்துவிட்டுக் காலையில் பார்த்தால் தெரிந்துவிடும்.

எந்த ஒயில் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். டொயோட்டா டி-ஃபோர், டபிள்யூஎஸ், ஹொண்டா டிடபிள்யூ-1, நிசான் என்எஸ்-3, சுசூக்கி கிரீன்-2 என்று ஒவ்வொன்றும் வேறு வேறு. “எல்லாத்துக்கும் போடலாம்” என்று கடையில் நீட்டும் கேனைச் சிவிடிக்குள் ஊற்றினால், இரும்புப் பட்டி புல்லியில் வழுக்கித் தேய்ந்துவிடும்.

ஒயில் சரி, ஆனாலும் பிந்துகிறது. காலையில் மட்டும் பிந்தி, சூடானதும் சரியாகிறது என்றால் உள்ளே ரப்பர் சீல்கள் காய்ந்து இறுகியிருக்கலாம். இது வீட்டு வேலை இல்லை. ஆனால் அவசரமும் இல்லை. மாதங்கள் ஓடலாம்.

அறிகுறி: எஞ்சின் இரைகிறது, கார் இழுக்கவில்லை

எஞ்சின் சுற்று மீற்றர் 3000, 4000 என்று ஏறுகிறது, வேகம் 40ஐத் தாண்டவில்லை. இது வழுக்கல். இங்கே பொறுமை வேண்டாம், ஓரமாக நிறுத்துங்கள். வழுக்கும் ஒவ்வொரு கிலோமீற்றரும் கிளச் பிளேட்டைத் தின்கிறது.

ஒயில் மட்டத்தைப் பாருங்கள். குறைந்திருந்தால், சரியான ஒயிலை ஊற்றியதும் பிடித்தால், தப்பித்தீர்கள். மட்டம் சரி, நிறம் கறுப்பு என்றால் பெட்டி இறக்கித்தான் ஆக வேண்டும்.

ஏஜிஎஸ் கார் என்றால் கதையே வேறு. அதில் தேய்வது சாதாரணக் கிளச் பிளேட்; மனுவல் காரில் மாற்றுவதுபோல மாற்றி, ஸ்கேனரால் அதற்குப் புது அளவைக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்காகப் பெட்டியையே மாற்றச் சொன்னால் இன்னொரு கராஜில் கேளுங்கள்.

கறுத்த ஒயிலோடு வழுக்கும் காருக்குப் புது ஒயில் மாற்றினால் சரிவருமா என்று கேட்பார்கள். வராது. வடித்து ஊற்றினால் பெட்டியிலிருந்து பாதியளவு ஒயில்தான் வெளியே வரும். கொன்வேட்டருக்குள் மிச்சம் நிற்கும். “ஒயில் மாத்தினதால பெட்டி போயிட்டுது” என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறதே, அந்தப் பெட்டிகள் எல்லாம் ஒயில் மாற்றும் முன்பே போனவை.

அறிகுறி: கியர் பிந்தி மாறுகிறது, அல்லது மேல் கியருக்குப் போகவே இல்லை

இதில் கொஞ்சம் அதிகமாக நிற்கப் போகிறேன், ஏனென்றால் இதில்தான் நானே ஏமாந்தேன்.

முதலில் டாஷ்போர்டில் ‘ஓ/டி ஓஃப்’, அதாவது ஓவர்டிரைவ் ஓஃப் என்ற விளக்கு எரிகிறதா? லீவரில் உள்ள பொத்தான் அமத்தப்பட்டிருந்தால் நான்காவது கியர் விழாது. இன்னொரு தடவை அமத்தினால் முடிந்தது வேலை. அதே விளக்கு சும்மா எரியாமல் விட்டு விட்டு மின்னினால், அது பொத்தான் இல்லை. பெட்டியின் கம்பியூட்டர் ஒரு பிழையைக் குறித்து வைத்திருக்கிறது. ஹொண்டாவில் ‘டி’ விளக்கு மின்னும்.

விளக்கு எதுவும் இல்லை என்றால் எஞ்சின் சூட்டைப் பாருங்கள். கராஜ் தொடங்கிய காலத்தில் ஒரு கொரோலா வந்தது. நான்காவது கியர் 15, 20 கிலோமீற்றர் ஓடிய பிறகுதான் விழும். சில நாளில் விழவே விழாது. பெற்றோல் கண்டபடி குடித்தது. நான் சொலினொயிட்டை, அதாவது கியர் மாற்ற ஒயிலைத் திறந்து மூடும் மின் வால்வைச் சந்தேகப்பட்டேன், அது பூட்டியிருக்கும் வால்வ் பொடியை இறக்கினேன், மூன்று நாள் அதோடு கிடந்தேன். எல்லாம் சுத்தம். பிறகு தற்செயலாக எஞ்சின் சூட்டு முள்ளைப் பார்த்தால் அது பாதிக்குக் கீழேயே படுத்துக் கிடக்கிறது. எஞ்சின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் மறிக்கும் தேர்மோஸ்டட் வால்வ் இல்லை! எங்கேயோ ஒரு கராஜில், “எங்கட வெயிலுக்கு இது தேவையில்ல” என்று கழற்றி எறிந்திருக்கிறார்கள். எஞ்சின் சூடேறாதவரை கம்பியூட்டர் மேல் கியரையும் லொக்கப்பையும் தராது. புது வால்வ் ஒன்று போட்டதும் கார் புதிதாகிவிட்டது. மூன்று நாள் கூலியை அந்தக் கார்ச் சொந்தக்காரரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அதனால் சூட்டு முள் வழக்கமான இடத்துக்கு வருகிறதா என்று முதலில் பாருங்கள். முள் இல்லாத கார்களில் நீல விளக்கு ஒன்று எரிந்து அணையும். அணைய வெகுநேரம் எடுத்தால் அதே சந்தேகம். முள் சரியாக நின்றும் கோளாறு இருந்தால் சூட்டு சென்சரே பொய் சொல்லலாம், அது ஸ்கேனரில் தெரியும்.

சூடு சரி. இனி வேகம். ஓடிக்கொண்டிருக்கும்போது வேக முள் விழுந்து எழும்புகிறதா, பூச்சியத்தில் கிடக்கிறதா? அப்படியென்றால் வேக சென்சர், அல்லது அதற்குப் போகும் வயர். அறுவடை முடிந்து நெல் மூட்டை அடுக்கிய வீடுகளுக்குப் பக்கத்தில் நின்ற கார்களுக்கு இது அதிகம். நெல்லுக்கு வந்த எலி, நெல்லோடு நிற்காது. போனட்டைத் திறந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். பெட்டிக்குப் போகும் பிளக்குகளில் பச்சைப் பூஞ்சை படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கடலோரக் கார்களுக்கு அது வரும். பற்றரி வயரைக் கழற்றிவிட்டு, கொண்டக்ட் கிளீனர் அடித்து, காயவிட்டுப் பூட்டினால் போதும்.

மூன்றாவது, கால். எயர் ஃபில்டர் அடைத்து, பிளக் தேய்ந்து எஞ்சின் வலுவிழந்தால் நீங்கள் தெரியாமலே ஆழமாக மிதிக்கத் தொடங்குவீர்கள். ஆழமாக மிதித்தால் கியர் பிந்தித்தான் மாறும். கார் சொன்னபடி கேட்கிறது, நீங்கள்தான் வேறு சொல்கிறீர்கள். பழைய டொயோட்டா சிலவற்றில் த்ரொட்டிலிலிருந்து பெட்டிக்கு ஒரு கேபிள் போகும். அது இறுகியிருந்தால் கியர் பிந்தி அடித்து மாறும், தளர்ந்திருந்தால் முந்தி மாறி வழுக்கும்.

இவ்வளவும் சரி என்றால் ஸ்கேனர். புளூடூத்தில் போனோடு சேரும் சின்ன ஸ்கேனர் இப்போது பலர் கையில் இருக்கிறது. பி0700 என்று மட்டும் காட்டினால் அது “உள்ளே இன்னொரு எண் இருக்கு, போய்ப் பார்” என்று சொல்கிறது, அவ்வளவுதான். பி0720 வெளியே போகும் வேகத்தின் சென்சர், பி0715 உள்ளே வரும் வேகத்தின் சென்சர், பி0740 லொக்கப், பி0750 கியர் மாற்றும் சொலினொயிட். எண்ணைப் படம் எடுத்து வையுங்கள், அழிக்க வேண்டாம். அழித்துவிட்டுக் கொண்டுவந்தால் எங்களுக்குத் தேடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. 15, 20 கிலோமீற்றர் வேகத்திலும் கார் பாரமாக, ஒரே கியரில் கிடந்து நகர்ந்தால் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு கியரில் பூட்டிக்கொண்டிருக்கிறது. மெதுவாக வீட்டுக்கு அல்லது கராஜுக்குக் கொண்டுபோகலாம். மொனராகலைக்குக் கொண்டுபோகக் கூடாது.

அறிகுறி: மூன்றுக்கும் நான்குக்கும் இடையே மாறிக்கொண்டே இருக்கிறது

பெரும்போக அறுவடைக் காலத்தில் அக்கரைப்பற்றிலிருந்து கல்முனை வரைக்கும் நெல் ஏற்றிய டிராக்டர் பின்னால் ஓடிப் பாருங்கள். 40க்கும் 50க்கும் நடுவே வேகம். நான்காவது விழும், டிராக்டர் மெதுவாகும், மூன்றாவது விழும், மிதித்தால் மறுபடி நான்காவது. பெட்டிக்கு ஒன்றும் இல்லை. அது விளிம்பில் நிற்கிறது. ஓவர்டிரைவ் பொத்தானை அமத்தி மூன்றிலேயே ஓடுங்கள், பெற்றோல் கொஞ்சம் கூடும், பெட்டியின் சூடு குறையும்.

மலையிலும் இதேதான். மட்டக்களப்பிலிருந்து ஓடிப் பழகிய கார் மகியங்கனை தாண்டிப் பதினெட்டு வளைவில் ஏறும்போதும், பிபிலை தாண்டி லுணுகலைப் பக்கம் ஏறும்போதும் தடுமாறும். இங்கே மேடு என்றால் பாலத்தின் மேடுதான். கார் மேல் குறை சொல்லி என்ன? இறக்கத்தில் ‘2’ அல்லது ‘எல்’ போடுங்கள். பெற்றோல் மிச்சம் என்று ‘என்’னில் உருட்டிக்கொண்டு வருபவர்களுக்கு: புது எஞ்சின்கள் கியரில் கால் எடுத்து இறங்கும்போது பெற்றோலையே நிறுத்திவிடும், ‘என்’னில்தான் குடிக்கும். பிரேக்கும் எரிந்துவிடும்.

சமதரையில், வெறும் ரோட்டில், ஒரே அளவு மிதித்திருக்கும்போதும் மாறிக்கொண்டே இருந்தால் மட்டும் த்ரொட்டில் சென்சரைப் பாருங்கள். காலின் அளவைச் சொல்பவர் அவர். தேய்ந்த இடத்தில் வாய் குழறுவார்.

அறிகுறி: மாறும்போது அடிக்கிறது, உதறுகிறது

அண்மையில் பற்றரி கழற்றினீர்களா? அநேக கார்கள் கியரை மென்மையாக மாற்றும் அளவைத் தாங்களே பழகி வைத்திருக்கும். பற்றரி போனால் சிலவற்றுக்கு அது மறந்துவிடும். இரண்டு மூன்று நாள் மெதுவாக ஓட்டுங்கள்.

நின்ற இடத்தில் ‘டி’ போட்டாலே அடித்தால் ஐடில், அதாவது மிதிக்காமல் நிற்கும்போது எஞ்சின் சுற்றும் வேகம், கூடியிருக்கலாம், அல்லது எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் கிழிந்திருக்கும். போனட்டைத் திறந்து வைத்து, ஹேண்ட் பிரேக்கும் போட்டு, ஒருவர் பிரேக்கை இறுக மிதித்தபடி ‘டி’, ‘ஆர்’ என்று மாற்றட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள், முன்னால் நிற்காதீர்கள். எஞ்சின் துள்ளி எழும்பினால் மவுண்ட். பெட்டிக் கோளாறு என்று வந்தவற்றில் மவுண்ட் மாற்றி அனுப்பியவை எத்தனையோ.

ஏஜிஎஸ் காரில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தலை முன்னே பின்னே ஆடுவது அதன் பிறவிக் குணம். கியர் விழப்போகும் நேரம் காலைக் கொஞ்சம் தளர்த்துங்கள், ஆட்டம் குறையும். கியரே எடுக்காமல் ‘என்’ மின்னினால் முதலில் பற்றரியை அளந்து பாருங்கள், பிறகு கிளச்சை இயக்கும் சின்னக் குப்பியில் ஒயில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மற்ற எல்லாம் பார்த்த பிறகும் ஒரே ஒரு மாற்றத்தில், உதாரணத்துக்கு இரண்டிலிருந்து மூன்றுக்கு மட்டும், அடித்தால் அது சொலினொயிட் அல்லது வால்வ் பொடி. அங்கே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: 60, 70இல் கல்பாவிய ரோட்டில் ஓடுவதுபோல் ஒரு நடுக்கம்

லேசாக மிதித்தபடி ஒரே வேகத்தில் போகும்போது வரும், மிதித்தால் போகும். ஒரு சோதனை: பின்னால் வாகனம் இல்லாத இடத்தில், வலது காலை அதே அளவு வைத்துக்கொண்டு, இடது காலால் பிரேக்கைத் தொடுங்கள். பிரேக் லைட் எரியும் அளவுக்கு மட்டும், கார் வேகம் குறையக் கூடாது. லொக்கப் உடனே விடும். நடுக்கமும் அதோடு நின்றால் கோளாறு லொக்கப்பில். ஒயில் மாற்றுவதாலேயே சில கார்களில் சரிவந்திருக்கிறது, அதனால் அதை முதலில் செய்யுங்கள். ஆயிரம் கிலோமீற்றர் ஓடி இன்னொரு முறையும் மாற்றிப் பாருங்கள். போகவில்லை என்றால் கொன்வேட்டர், பெட்டியை இறக்கும் வேலை.

பிரேக்கைத் தொட்டும் நடுக்கம் நிற்கவில்லை என்றால் பெட்டியை மறந்துவிட்டு எஞ்சின் கொயில், பிளக் பாருங்கள். ரயர் பலன்சிங்கும் பாருங்கள். அது மிதித்தாலும் விட்டாலும் வேகத்தோடே வரும்.

அறிகுறி: பெட்டியின் சூட்டு விளக்கு எரிகிறது

பாசிக்குடாவிலும் கல்லடிக் கடற்கரையிலும் மணலில் புதைந்த காரை ‘டி’, ‘ஆர்’, ‘டி’, ‘ஆர்’ என்று ஆட்டி எடுக்கப் பார்ப்பதுதான் இதற்கு முதல் காரணம். சக்கரம் சும்மா சுழலும் நேரம் எல்லாச் சூடும் கொன்வேட்டர் ஒயிலுக்குத்தான் போகிறது. சில நிமிடத்தில் ஒயில் கருகிவிடும். இரண்டு தரம் முயன்றும் வரவில்லை என்றால் நிறுத்துங்கள். ரயர் காற்றை 15 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தோண்டித் தென்னை மட்டை போட்டு, மிக மெதுவாக ஒரே திசையில் எடுங்கள். ரோட்டுக்கு வந்ததும் காற்று அடிக்காமல் ஓடாதீர்கள்.

விளக்கு எரிந்தால் நிழலில் நிறுத்தி, ‘பி’யில் போட்டு, எஞ்சினை ஓட விடுங்கள். ஓடினால்தான் ஒயில் ரேடியேட்டருக்குப் போய் ஆறி வரும். எஞ்சினே கொதித்தால் மட்டும் நிறுத்துங்கள். ஆறிய பிறகு ஒயிலை முகர்ந்து பாருங்கள்.

ஃபிட், வெசல் ஹைபிரிட்டில் இந்த எச்சரிக்கை நெரிசலில் வரும். அதன் கிளச் உலர் கிளச்; அடி அடியாக ஊர்ந்தால் சூடேறும். 2013, 2014இல் ஜப்பானிலேயே இந்த மொடல்களின் மென்பொருளுக்காகப் பலமுறை மீள அழைத்தார்கள். முன் காருக்கு இடைவெளி விட்டு, பிரேக்கில் நின்று, ஒரேயடியாக நகருங்கள்.

அறிகுறி: வெள்ளத்துக்குப் பிறகு ஒயில் பால் நிறம்

2011 ஜனவரி வெள்ளத்துக்குப் பிறகு இந்த நிறத்தைப் பார்த்துப் பார்த்து வெறுத்துவிட்டேன். பெட்டிக்கு மூச்சு விடும் குழாய் ஒன்று உண்டு. தண்ணீர் அது வழியாக உள்ளே போகும். கிளச் பிளேட்டில் உள்ள பசை தண்ணீரில் கழன்றுவிடும். கார் பாதிச் சக்கரத்துக்கு மேல் தண்ணீரில் நின்றிருந்தால் ஸ்டார்ட் பண்ணாமலே ஒயிலைப் பாருங்கள். பால் நிறம் என்றால் ஓடாமல், வடித்து, ஊற்றி, மறுபடி வடித்து, நிறம் தெளியும்வரை செய்ய வேண்டும். ஒருநாள் ஓடிவிட்டுக் கொண்டுவந்தால் அநேகமாகப் பிந்திவிடும்.

வெள்ளத்தையே காணாத காரில் பால் நிறம் வந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஒயில் குளிராக்கி ஓட்டையாகி, கூலன்ட் கலந்திருக்கிறது. ரேடியேட்டர் தண்ணீரிலும் ஒயில் மிதக்கும். பெட்டியைக் கழுவும் முன் ரேடியேட்டரை மாற்றுங்கள். இல்லையென்றால் கழுவியதும் வீண்.

அறிகுறி: ‘டி’ ஓடுகிறது, ‘ஆர்’ இல்லை

லீவர் காட்டும் எழுத்தும் டாஷ்போர்டில் எரியும் எழுத்தும் ஒன்றா என்று பாருங்கள். வேறு வேறு என்றால் கேபிள் நகர்ந்திருக்கிறது, அரைமணி வேலை. ஒன்றாக இருந்தும் ‘ஆர்’ பிடிக்கவில்லை என்றால் பெட்டிக்குள் பழுது. திருத்துவதா, கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பழைய பெட்டி எடுப்பதா என்று கேட்பார்கள். ஒயிலைத் துணியில் பார்க்காமல், மொடல் எண் ஒத்துப்பார்க்காமல், எழுத்தில் உத்தரவாதம் இல்லாமல் எடுக்காதீர்கள். அந்தப் பெட்டியும் யாரோ ஒருவர் “போயிட்டுது” என்று கழற்றியதாக இருக்கலாம்.

கொண்டுவரும் விதம்

நடுவழியில் நின்றுவிட்டால் வயல்காரர் யாராவது டிராக்டரையும் கயிற்றையும் கொண்டு அன்போடு வருவார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது ஒயில் பம்ப் சுற்றாது. சக்கரம் தரையில் உருண்டால் உள்ளே எல்லாம் காய்ந்துபோய்ச் சுற்றும். முன் சக்கரம் இழுக்கும் காருக்கு முன் சக்கரங்கள் இரண்டும் தரையில் படக்கூடாது. நாலு சக்கரமும் இழுக்கும் காரை முழுதாக லொறியில் ஏற்ற வேண்டும். ரோட்டிலிருந்து ஓரமாக ஐம்பது அடி நகர்த்துவதென்றால் ‘என்’னில் போட்டுக் கையால் தள்ளுங்கள், டிராக்டர்காரருக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துவிட்டு, லொறிக்குக் கோல் எடுங்கள்.